எண்ணெய்க்குப் போன பெயர்: வன்னியில் முடி உதிர்வும் மருந்தும்

மார்கழி மழையோடு டெங்கு வரும். காய்ச்சல் விட்டு, உடம்பு தேறி, வயலுக்கும் பள்ளிக்கூடத்துக்கும் திரும்பிய பிறகு, பங்குனி சித்திரை அளவில் சீப்பில் கொத்துக்கொத்தாக மயிர் வரத் தொடங்கும். கிணற்றடியில் தலை முழுகினால் தண்ணீர் போகும் வழியெல்லாம் கறுப்பாகத் திரண்டு கிடக்கும். அதற்குள் காய்ச்சலை வீட்டில் எல்லோரும் மறந்திருப்பார்கள். தண்ணீர் சரியில்லை, ஷாம்பூ ஒத்துக்கொள்ளவில்லை, கண்ணூறு பட்டுவிட்டது என்று காரணங்கள் ஒவ்வொன்றாக வரும். வைகாசியில் அம்மம்மா தாச்சியை அடுப்பில் ஏற்றி, செவ்வரத்தம்பூவும் கையாந்தகரையும் கறிவேப்பிலையும் போட்டு எண்ணெய் காய்ச்சுவார். ஆவணிக்குள் உதிர்வு நின்றுவிடும். அந்த எண்ணெய்க்கு ஊரில் பெயர் பரவும். கனடாவில் இருக்கும் பெறாமகளுக்கும் ஒரு போத்தல் போகும்.

எண்ணெய் காய்ச்சாமல் விட்டிருந்தாலும் ஆவணிக்குள் அந்த உதிர்வு நின்றிருக்கும். இதை முதலிலேயே சொல்லிவிடுவது நல்லது. வைத்தியர் தந்த மருந்தோடு வீட்டு எண்ணெயையும் வைக்கலாமா என்று கேட்பவர்கள் இரண்டும் ஒன்றோடொன்று மோதுமா என்றுதான் பயப்படுகிறார்கள். அந்த மோதல் சிறியது, சமாளிக்கக்கூடியது. எது எந்த வேலையைச் செய்தது என்று கணக்கை மாற்றிப் போடுவதால் வரும் நட்டம்தான் பெரியது.

தலையில் ஏறக்குறைய 1,00,000 மயிர்கள் உண்டு. ஒவ்வொன்றுக்கும் தனித்தனி ஆயுள். 2 முதல் 6 ஆண்டுகள் வளர்ந்து, இரண்டு மூன்று வாரங்களில் வேர் சுருங்கி, ஏறக்குறைய 3 மாதங்கள் ஓய்வில் கிடந்து, பிறகு உதிரும். அதே இடத்தில் புதியது முளைக்கும். அதனால் நாளொன்றுக்கு 50 முதல் 100 வரை உதிர்வது இயல்பானது. வெவ்வேறு நாளில் விதைத்த வயல்களைப் போல எல்லாம் வெவ்வேறு பருவத்தில் நிற்பதால்தான் தலை ஒருபோதும் வெறுமையாவதில்லை. கடுங்காய்ச்சல், பிள்ளைப்பேறு, பெரிய சத்திரசிகிச்சை, பட்டினி, பெருந்துயர் போன்றவை வந்தால், வளர்ந்துகொண்டிருந்த மயிர்களில் ஒரு பெரும் பங்கு ஒரேயடியாக ஓய்வுக்குள் போய்விடுகிறது. ஓய்வுக்காலம் 3 மாதம் என்பதால், உதிர்வு வெளியே தெரிவதற்கும் அவ்வளவு காலம் எடுக்கிறது. மார்கழிக் காய்ச்சலுக்குப் பங்குனியில் மயிர் கொட்டுவதன் காரணம் இதுதான். வேர் கெடவில்லை. காரணம் நீங்கிவிட்டால், பெரும்பாலானோருக்கு 6 மாதங்களுக்குள் உதிர்வு தானாக ஓய்கிறது. பழைய அடர்த்தி திரும்ப இன்னும் சில மாதங்கள் ஆகும்.

பட்டினி, காய்ச்சல், இடப்பெயர்வு, சாவு என்று இந்த உதிர்வைத் தூண்டும் அத்தனை காரணங்களும் ஒரே ஆண்டில் ஒன்றாக வந்து சேர்ந்த மண் இது. 2009ஐக் கடந்து வந்தவர்களுக்கு உடம்பு இப்படிப் பின்னால் கணக்குக் கேட்கும் என்பதை யாரும் விளக்கத் தேவையில்லை.

இரண்டாவது வகையான பரம்பரை வழுக்கை வேறு. ஆண்களுக்கு நெற்றியின் இரு மூலைகளும் உச்சியும் மெலியும். பெண்களுக்கு நெற்றிக்கோடு அப்படியே இருக்க, வகிடு அகன்றுகொண்டே போகும். இது பரம்பரையோடும் ஆண் ஹோர்மோனோடும் தொடர்புடையது. டெஸ்ரொஸ்ரரோன் என்ற ஹோர்மோனை ஒரு நொதியம் இன்னும் வீரியமான வடிவமாக மாற்றுகிறது. பிறப்பிலேயே அதற்கு உணர்திறன் கூடிய மயிர்வேர்கள், ஒவ்வொரு சுற்றிலும் முன்னையதைவிடக் குறுகிய காலமே வளர்ந்து, முன்னையதைவிட மெல்லிய மயிரையே தருகின்றன. கடைசியில் பூனைமயிர் அளவுக்கு வந்து நிற்கும். இந்த வகை தானாக நிற்பதில்லை. மாதக் கணக்கில் காத்திருந்தாலும் திரும்புவதில்லை. டெங்குக்குப் பிறகு தங்கைக்குப் பலித்த எண்ணெயை, உச்சி மெலியும் அண்ணன் இரண்டு மூன்று ஆண்டுகள் நம்பித் தேய்ப்பதுதான் இங்கே நடக்கும் உண்மையான நட்டம். மருந்துகளுக்கு இருப்பதைக் காக்கும் வலு அதிகம், போனதை மீட்கும் வலு குறைவு. எண்ணெய் அவரை ஒன்றும் செய்துவிடவில்லை, ஆண்டுகள்தான் போயின.

எண்ணெய் என்ன செய்கிறது?

தலைக்கு வெளியே தெரியும் மயிர் உயிரற்ற பொருள், கெரற்றின் என்ற புரதத்தால் ஆன ஒரு தண்டு. உயிருள்ள பகுதி தோலுக்கு உள்ளே, வேரில் இருக்கிறது. எண்ணெயின் நல்ல வேலை முழுவதும் தண்டில்தான். தேங்காய் எண்ணெய்க்கு இதில் உறுதியான ஆதாரம் உண்டு. 2003இல் வெளியான ஓர் இந்திய ஆய்வு தேங்காய் எண்ணெய், சூரியகாந்தி எண்ணெய், கனிம எண்ணெய் மூன்றையும் ஒப்பிட்டது. கழுவும்போது மயிரிலிருந்து புரதம் இழக்கப்படுவதைத் தேங்காய் எண்ணெய் மட்டுமே குறைத்தது. அதிலுள்ள லோரிக் அமிலம் சிறிய, நேரான மூலக்கூறு. அதனால் தண்டுக்குள் புக முடிகிறது. மற்ற இரண்டும் வெளியே படிந்து நிற்கின்றன. ஆய்வைச் செய்தவர்கள் தேங்காய் எண்ணெய் விற்கும் ஒரு பெரிய நிறுவனத்தின் ஆய்வாளர்கள் என்பதையும் சேர்த்துச் சொல்ல வேண்டும். ஆனால் எண்ணெய் தண்டுக்குள் புகும் முறை பற்றிய விளக்கம் வேதியியலோடு பொருந்துகிறது.

மயிர் நனையும்போது ஊதி, காயும்போது சுருங்கும். வயல்வேலை முடிந்து அன்றாடம் தலையோடு முழுகும் பழக்கம் உள்ளவர்களுக்கு இந்த ஊதலும் சுருங்கலும் நாள் தவறாமல் நடக்கும். தண்டு நைந்து முறியும். முழுகுவதற்கு முன் தடவும் தேங்காய் எண்ணெய் தண்ணீர் உள்ளே போவதைக் குறைக்கிறது. முறிவது குறைந்தால் சீப்பில் வருவதும் குறையும். அதைப் பார்க்கும் வீட்டார் உதிர்வு குறைந்துவிட்டது என்பார்கள். உதிர்ந்ததா முறிந்ததா என்று அறிய, சீப்பில் வந்த மயிரை எடுத்து வெளிச்சத்தில் பார்த்தால் போதும். ஒரு நுனியில் வெள்ளையாகச் சின்னக் குமிழ் இருந்தால் வேரோடு உதிர்ந்தது. இரு நுனியும் வெறுமையாக இருந்தால் முறிந்தது. முறிந்ததற்கு எண்ணெய் நல்ல மருந்து. உதிர்ந்ததற்கு எண்ணெயைக் கேட்டுப் பயனில்லை.

வன்னியில் எள்ளு விளைகிறது. நல்லெண்ணெய்க்கு இங்கே சனி முழுக்கும், புரட்டாதிச் சனியில் எரியும் எள்ளெண்ணெய் விளக்கும் என்று தனி மரியாதை உண்டு. தலைக்கு அது மெருகும் வழுவழுப்பும் தரும், சிக்கெடுக்க உதவும். தேங்காய் எண்ணெய்க்கு இருப்பதைப் போன்ற ஆதாரம் அதற்கு இல்லை. இலுப்பையின் கதை வேறு விதம். இலுப்பைக்கடவை என்று ஊருக்கே பெயர் வைக்கும் அளவுக்கு அந்த மரம் இந்த மண்ணுக்குரியது. எண்ணெய் கோயில் விளக்குக்குப் போக, பிண்ணாக்கு தலைக்கு அரப்பாக வந்தது. பிண்ணாக்கில் உள்ள சபோனின் நுரைத்து எண்ணெய்ப் பிசுக்கை எடுக்கும். பொருளாதாரத் தடை இருந்த தொண்ணூறுகளில், சவர்க்காரம் கிடைக்காத நாட்களில், பனம்பழத்தில் உடுப்புத் துவைத்த தலைமுறைக்கு இது புதிய செய்தி அல்ல. கண்ணில் பட்டால் கடுமையாக எரியும் என்பதும் அவர்களுக்குத் தெரியும்.

ஆமணக்கெண்ணெய் மயிரை வளர்க்கும் என்பது உலகம் முழுவதும் ஓடும் நம்பிக்கை. மனிதர்களில் அதை நிறுவிய நம்பகமான சோதனை இல்லை. அது மிகவும் தடித்த, பசையான எண்ணெய். நீண்ட கூந்தலில் அதைப் பூசிக் கழுவியபோது முழுக் கூந்தலும் பிரிக்க முடியாதபடி ஒரே கட்டியாகச் சடைபிடித்து, வெட்டியெறிய நேர்ந்த ஒரு நிகழ்வை இந்திய வைத்தியர்கள் 2017இல் பதிவுசெய்திருக்கிறார்கள். விருப்பமுள்ளவர்கள் தேங்காய் எண்ணெயில் சிறிதளவு கலந்து தோலில் மட்டும் தடவலாம். பின்னலின் நீளத்துக்கு வேண்டாம்.

கையாந்தகரையும் செவ்வரத்தையும் எலிகளில் மயிர் வளர்ச்சியைத் தூண்டியதாக ஆய்வுகள் உண்டு. எலியின் மயிர் முழுவதும் அலையலையாக ஒரே நேரத்தில் வளரும் இயல்புடையது. நம் தலை அப்படியல்ல. அதனால் அந்த முடிவுகளை அப்படியே நமக்கு எடுத்துக்கொள்ள முடியாது. காய்ச்சுவதானால், ஈரம் முழுவதும் போய் நுரையும் சலசலப்பும் அடங்கி, இலை மொறுமொறுப்பாகும்வரை காய்ச்ச வேண்டும் என்று கிழவிகள் சொல்வது மிகச் சரியானது. ஈரம் எஞ்சினால் எண்ணெய் விரைவில் காறிப்போகும், பூஞ்சணமும் பிடிக்கும்.

தேய்ப்பதற்கு ஒரு சின்னப் பங்கு இருக்கலாம். யப்பானில் 9 ஆண்களுக்கு நாளொன்றுக்கு 4 நிமிடம், 24 வாரங்கள் தலைத்தோலைப் பிசைந்து பார்த்தார்கள். மயிரின் தடிப்பு ஓரளவு கூடியது. 9 பேர் என்பது ஒரு பஸ்ஸின் பின்வரிசையை இரண்டு தரம் நிரப்பக்கூடக் காணாத எண்ணிக்கை. ஆனாலும் எண்ணெய்க்குக் கிடைத்த பெயரில் கொஞ்சம் அம்மம்மாவின் விரல்களுக்குச் சேர வேண்டியது என்று நினைக்க எனக்கு விருப்பம்தான்.

மருந்து என்ன செய்கிறது?

பரம்பரை வழுக்கைக்கு நன்கு நிறுவப்பட்ட மருந்துகள் இரண்டு. மினொக்சிடில் முதலில் இரத்த அழுத்தத்துக்கான மாத்திரையாக வந்தது. அதை விழுங்கிய நோயாளிகளுக்குக் கண்ட இடமெல்லாம் மயிர் முளைத்ததைக் கவனித்த பிறகுதான் தலையில் பூசும் திரவமாக்கினார்கள். 1988இல் அமெரிக்காவில் ஆண்களுக்கு 2 சதவீதத் திரவம் அனுமதிக்கப்பட்டது. பெண்களுக்கான அனுமதியும் 5 சதவீதத் திரவமும் பின்னர் வந்தன. இது ஓய்வில் இருக்கும் வேர்களை விரைவாக வளர்ச்சிக்குள் தள்ளி, வளர்ச்சிக்காலத்தை நீட்டுகிறது. பினாஸ்டரைட் 1 மில்லிகிராம் மாத்திரை 1997இல் ஆண்களின் வழுக்கைக்கு அனுமதி பெற்றது. முன்பு சொன்ன நொதியத்தைத் தடுப்பது அதன் வேலை. சிலருக்குப் பாலுறவு நாட்டக் குறைவும் மனச்சோர்வும் வருவதுண்டு என்பதால் வைத்தியரின் கண்காணிப்பில்தான் எடுக்க வேண்டும். கர்ப்பிணிகள் உடைந்த மாத்திரையைக் கையால் தொடவும் கூடாது. ஆண் சிசுவின் உறுப்பு வளர்ச்சியைப் பாதிக்கும்.

எண்ணெய்க்குப் பொய்ப்பெயர் கிடைக்கும் இரண்டாவது இடம் மினொக்சிடிலில்தான். அது ஓய்வில் இருந்த வேர்களைத் தட்டி எழுப்பும்போது, அங்கே ஏற்கெனவே உதிரக் காத்திருந்த பழைய மயிர்களைப் புதியவை வெளியே தள்ளும். அதனால் பூசத் தொடங்கிய இரண்டாம் வாரத்திலிருந்து எட்டாம் வாரம் வரை உதிர்வு கூடலாம். இதை யாரும் முன்கூட்டிச் சொல்லியிருக்க மாட்டார்கள். "மருந்து பூசப் பூசக் கொட்டுகிறது" என்று பயந்து அதைத் தூக்கி எறிந்துவிட்டு எண்ணெய்க்குத் திரும்புவார்கள். மருந்தால் வந்த அந்த உதிர்வு எப்படியும் சில வாரங்களில் ஓயும். ஓயும் நேரத்தில் கையில் இருப்பது எண்ணெய். மருந்து கொட்ட வைத்தது, எண்ணெய் காப்பாற்றியது என்று வீட்டில் முடிவாகிவிடும். உண்மையில், மினொக்சிடில் பலன் தருகிறதா என்று பார்க்கவே 4 முதல் 6 மாதங்கள் தேவை. நிறுத்தினால், அதனால் கிடைத்த பலன் அடுத்த சில மாதங்களில் போய்விடும். ஆகவே இது ஆண்டுக்கணக்கான செலவு. மாதச் சம்பளம் இல்லாத வீட்டில் தொடங்குவதற்கு முன் இதைக் கணக்குப் பார்ப்பது மருந்தின் இயல்பை அறிவதைப் போலவே முக்கியம்.

இரண்டையும் ஒரே தலையில்

மினொக்சிடில் திரவம் மதுசாரமும் தண்ணீரும் புரொப்பிலீன் கிளைக்கோல் என்ற பொருளும் கலந்தது. காய்ந்த, சுத்தமான தோலில் 1 மில்லிலீற்றர், நாளுக்கு இரு தரம் என்பது வழக்கமான அளவு. பூசியதில் 100இல் ஒன்று இரண்டு பங்கே தோலுக்குள் போகிறது என்பதை மனத்தில் வைத்துக்கொண்டால் மற்றவை எல்லாம் விளங்கும். தோலில் முன்பே எண்ணெய்ப் படலம் இருந்தால் அந்தச் சொற்பமும் சீராக இறங்காது. திரவம் எண்ணெயின் மேல் வழிந்து நெற்றிக்கு வரும், நெற்றியிலும் கன்னத்திலும் மயிர் முளைக்கவும் கூடும். மருந்து பூசிய உடனே மேலே எண்ணெய் தேய்த்தால் மருந்து இடம் மாறும். மூடி வைத்ததுபோலாகி, உள்ளே போகும் அளவும் மாறக்கூடும். யூக்கலிப்டஸ், பெப்பர்மின்ட் போன்ற வாசனை எண்ணெய்கள் தோலின் தடுப்பைத் தளர்த்தும் இயல்புடையவை. அவற்றை மருந்தோடு சேர்த்துப் பூசினால் நெஞ்சு படபடப்பு, தலைச்சுற்று போன்றவை வருவதற்கு இடமுண்டு.

வழி எளிது. கிழமையில் ஒன்று இரண்டு நாள் முழுக்குக்கு முன் எண்ணெய் வைத்து, ஒரு மணித்தியாலம் ஊறவிட்டு, நன்றாகக் கழுவி, தலை முற்றாகக் காய்ந்த பின் மருந்தைப் பூசலாம். மற்ற நாட்களில் எண்ணெய் வேண்டுமென்றால் பின்னலின் நீளத்துக்கு மட்டும், தோலுக்கு வேண்டாம். மருந்து பூசிய பின் 4 மணித்தியாலம் தலை நனையக் கூடாது. வன்னி வெயிலில் வயலுக்கோ கட்டட வேலைக்கோ போகிறவருக்குக் காலையில் பூசும் தரம் வியர்வையோடு போய்விடும். மாலை முழுக்குக்குப் பின், தலை காய்ந்து, படுக்கைக்கு ஒன்றிரண்டு மணித்தியாலம் முன் பூசுவதுதான் இங்கே நடைமுறைக்கு உகந்தது. ஒரு தரம் மட்டும் முடியுமென்றால் அதற்கேற்ற வடிவத்தை வைத்தியரிடம் கேட்கலாம்.

எங்கள் கிணறுகளின் கதையும் இதில் வருகிறது. வன்னியில் பல இடங்களில் கிணற்று நீர் கல்சியம் மிகுந்த கடின நீர். சவர்க்காரம் அந்தக் கல்சியத்தோடு சேர்ந்து, கரையாத வெள்ளைப் படிவாகிவிடும். நுரையும் வராது, எண்ணெயும் போகாது. கழுவிவிட்டேன் என்று நினைத்துப் பூசும் மருந்து, படிவும் எண்ணெயும் கலந்த பூச்சின் மேல்தான் விழும். ஷாம்பூ இப்படிப் படிவதில்லை, அரப்பும் படிவதில்லை. எண்ணெய் வைத்த நாளில் சவர்க்காரத்தை மட்டும் நம்புவது போதாது. கடின நீர் மயிரைச் சொரசொரப்பாக்கி முறியச் செய்யும் என்பது சரி. வவுனியாவுக்கு வந்த பிறகு தண்ணீரால் மொட்டை விழுந்தது என்பது சரியல்ல. அந்த நீர் வேருக்குப் போவதில்லை.

மினொக்சிடில் பூசிய தோல் சிவந்து அரித்தால், பெரும்பாலும் குற்றவாளி புரொப்பிலீன் கிளைக்கோல். அதைத் தணிக்க எண்ணெய் பூசி, மறுநாள் மீண்டும் அதே திரவத்தைப் பூசுவது பயனற்ற சுற்று. அந்தப் பொருள் சேராத நுரை வடிவத்துக்கு மாறலாம். மதுசாரம் கலந்த திரவம் என்பதால், பூசிய ஈரத்தோடு விறகடுப்புக்கு முன் குந்தக் கூடாது. கைக்குழந்தை உள்ள வீட்டில் கையைக் கழுவி, தலை காய்ந்த பிறகே பிள்ளையை அணைக்க வேண்டும். பெற்றோர் பூசிய மருந்து பட்டுப் பிள்ளைக்கு உடம்பெல்லாம் மயிர் முளைத்த நிகழ்வுகள் ஐரோப்பாவில் பதிவாகியிருக்கின்றன. பூனைக்கு இது கடும் நஞ்சு. தலையணையை நக்கினாலும் ஆபத்து.

வெளிநாட்டுப் பெட்டியில் வரும் எண்ணெய்கள்

அண்மைக் காலமாக உறவினரின் பயணப் பெட்டியில் ரோஸ்மேரி எண்ணெய் வந்து இறங்குகிறது. அதற்குப் பின்னால் இருப்பது 2015இல் வெளியான ஓர் ஈரானிய ஆய்வு. பரம்பரை வழுக்கை உள்ள 100 ஆண்களில் ஒரு பாதியினர் ரோஸ்மேரித் திரவமும், மறு பாதியினர் 2 சதவீத மினொக்சிடிலும் 6 மாதங்கள் பூசினார்கள். இரண்டும் ஏறக்குறைய ஒரே அளவு சிறு முன்னேற்றத்தைக் காட்டின. எதுவும் பூசாத அல்லது வெற்றுத் திரவம் பூசிய குழு அதில் இல்லை. ஒப்பிட்டதும் வீரியம் குறைந்த 2 சதவீத மருந்தோடு. ஆய்வில் பயன்பட்டது சாரத்தின் அளவு குறிக்கப்பட்ட ஒரு தயாரிப்பு. வீட்டில் இலை போட்டுக் காய்ச்சிய எண்ணெய்க்கு அந்த முடிவைப் பொருத்த முடியாது. ரோஸ்மேரிக்கு வாய்ப்பு உண்டு, நிறுவப்படவில்லை என்பதற்கு மேல் இப்போது சொல்ல இடமில்லை. வாசனை எண்ணெயை நேரடியாகத் தலையில் விட்டால் தோல் வெந்துவிடும். தேங்காய் எண்ணெயில் ஒரு மேசைக்கரண்டிக்குச் சில துளிகளே போதும்.

புழுவெட்டுக்குச் சின்ன வெங்காயம் தேய்ப்பது எங்கள் ஊரிலும் உண்டு. 2002இல் பக்தாத்தில் 23 பேர் வெங்காயச் சாற்றை நாளுக்கு இரு தரம் பூசி, 6 வாரங்களில் 20 பேருக்கு மயிர் முளைத்தது. தண்ணீர் பூசியவர்களில் மிகச் சிலருக்கே முளைத்தது. ஸ்கொட்லாந்தின் அபர்டீனில் 1998இல் தைம், ரோஸ்மேரி, லவெண்டர், சீடர் எண்ணெய்க் கலவையைத் தேய்த்தவர்களில் 44 சதவீதத்தினரும், வெறும் எண்ணெய் தேய்த்தவர்களில் 15 சதவீதத்தினரும் முன்னேறினார்கள். கேட்க நன்றாக இருக்கிறது. ஆனால் புழுவெட்டு நோய் எதிர்ப்பு அணுக்கள் வேரைத் தாக்குவதால் வருவது. ஒன்றிரண்டு சிறு வட்டங்கள் பலருக்கு ஓராண்டுக்குள் தானாகவே மூடிவிடும். டெங்கு உதிர்வைப் போலவே இங்கும் எதைத் தேய்த்தாலும் பெயர் அதற்குப் போகும். மேலும், இந்த இரு ஆய்வுகளும் புழுவெட்டைப் பற்றியவை. அவற்றைக் காட்டி வழுக்கைக்கு வெங்காய எண்ணெய் விற்பது வியாபாரம்.

பச்சை உள்ளியை (வெள்ளைப்பூண்டை) வட்டத்தின் மேல் தேய்த்துக் கட்டிவிடுவது மட்டும் வேண்டாம். தோல் கொப்பளித்து வெந்து, வடுவாகிவிட்டால் அந்த இடத்தில் பிறகு எதுவும் முளைக்காது. தேசிக்காய்ப் புளியைச் சொடுகுக்குத் தேய்த்துவிட்டு வெயிலில் இறங்குவதும் அதே போன்றதுதான். சூரிய ஒளியோடு சேர்ந்து அது தோலைச் சுட்டுக் கறுப்பாக்கும்.

சொடுகு என்பதால் இதையும் சொல்ல வேண்டும். தலைத்தோலில் எல்லோருக்கும் வாழும் ஒரு வகை மதுவம் உண்டு. அது கொழுப்பமிலங்களைத் தின்று வாழ்வது. சொடுகும் அரிப்பும் மஞ்சள் செதிளும் உள்ள தலையில் எண்ணெயை ஊற வைத்துவிட்டு இரவு முழுவதும் படுப்பது அதற்குப் படைக்கும் விருந்து. செதிள் எண்ணெயில் ஊறிக் கண்ணுக்குத் தெரியாமல் போவதால் குணமானதுபோலத் தோன்றும். காய்ந்ததும் முன்னையதைவிட அதிகமாக வரும். கீற்றோகொனசோல் ஷாம்பூ போன்றவற்றால் அதை அடக்கிய பிறகு எண்ணெய்க்குத் திரும்பலாம். வேப்பெண்ணெய் பேனுக்கும் பூஞ்சணத்துக்கும் ஓரளவு எதிரி, ஆனால் கலப்பில்லாமல் பூசினால் தோலை எரிக்கும். அந்தப் போத்தலைப் பிள்ளைகளின் கைக்கு எட்டாமல் வைக்க வேண்டும். சிறு குழந்தைகள் குடித்து வலிப்பும் மூளைப் பாதிப்பும் வந்து உயிர்போன நிகழ்வுகள் உண்டு. தலைக்குக் குளிர்ச்சி என்று கற்பூரம் கலந்த எண்ணெயையும் கைக்குழந்தைகளுக்கு வைக்கக் கூடாது.

எண்ணெயும் மினொக்சிடிலும் இரண்டுமே வேண்டாத தலைகளும் இருக்கின்றன. பள்ளிப் பிள்ளையின் தலையில் வட்டமாகச் செதிளோடு மயிர் அடியோடு முறிந்திருந்தால் அது பூஞ்சணத் தொற்றாக இருக்க வாய்ப்பு அதிகம். அதற்கு விழுங்கும் மருந்து தேவை, பூசும் எதுவும் போதாது. சில பிள்ளைகளுக்கு அது சீழ்க்கட்டியாகி நிரந்தர வடுவில் முடியும். பெரியவர்களில், மயிர் போன இடம் பளபளப்பாகி, துவாரங்களே தெரியாமல், எரிச்சலோ வலியோ இருந்தால் வேரே அழிந்துகொண்டிருக்கிறது என்று பொருள். அங்கே மாதக்கணக்கில் காத்திருக்க நேரமில்லை. தலை முழுவதும் மெலிந்து, களைப்பும் மூச்சு வாங்கலும் மாதவிடாய் மிகுதியும் உள்ள பெண்ணுக்கு முதலில் தேவைப்படுவது இரும்புச்சத்துக்கும் தைரொயிட்டுக்குமான இரத்தப் பரிசோதனை. இரும்புக் குறைபாட்டோடு தலையில் எவ்வளவு எண்ணெய் வைத்தாலும், எவ்வளவு விலையுயர்ந்த மருந்தைப் பூசினாலும் வேருக்கு வேண்டியது போய்ச் சேராது.

கிளிநொச்சி, முல்லைத்தீவு, வவுனியா, மன்னார் நான்கிலும் மாவட்டப் பொது வைத்தியசாலை உண்டு. தோல் கிளினிக் நாட்களை வெளிநோயாளர் பிரிவில் விசாரித்து அறியலாம். சித்த வைத்தியரிடம் தைலம் வாங்குபவர்கள் அதை அங்கே மறைக்கிறார்கள், ஏச்சு விழும் என்ற பயத்தில். கிளினிக்கில் மாத்திரை எடுப்பதைச் சித்த வைத்தியரிடமும் சொல்வதில்லை. இரு பக்கமும் சொன்னால்தான் தோல் சிவந்த நாளில் காரணம் எது என்று பிரித்தறிய முடியும். இரண்டையும் ஒரே நாளில் தொடங்காமல் இருப்பதும் அதற்காகத்தான். மருந்தைத் தொடங்கி மூன்று மாதங்கள் எண்ணெயில் எதையும் மாற்றாமல், பழகிய எண்ணெயையே வைத்துக்கொண்டு, மாதம் ஒருமுறை ஒரே இடத்தில், ஒரே வெளிச்சத்தில், காய்ந்த தலையை வகிடெடுத்துக் கைத்தொலைபேசியில் படம் பிடித்து வைத்தால், அடுத்த கிளினிக்கில் வைத்தியருக்குக் காட்ட ஏதாவது இருக்கும். எண்ணெய் வைத்த தலை ஒட்டிப்போய் மெலிந்து தெரியும். அன்று எடுத்த படம் உதவாது.